வேர் எங்கே போகிறது?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



ஐப்பசியில் இரண்டு மழை நன்றாக இறங்கிவிட்டால் போதும். வேலி ஓரம், தென்னந்தோப்பு, எருக்குழி, புற்று மேடு என்று எங்கே பார்த்தாலும் குடை விரிந்து நிற்கும். காலாற நடந்துவிட்டு வரலாம் என்று போகிறவர்கூட நாலு காளானைத் துண்டில் கட்டிக்கொண்டு வருவார். முன்பெல்லாம் அதை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் அலுவலகத்துக்கே வந்து, "சார், இதைத் திங்கலாமுங்களா?" என்று கேட்பார்கள். இப்போது செல்போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

படத்தைப் பார்த்து நான் யாருக்கும் "சாப்பிடலாம்" என்று சொல்வதில்லை. "என்ன சார், பி.எஸ்ஸி. அக்ரி படிச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?" என்று சிலருக்கு வருத்தம். அதற்கு ஒரு காரணம் உண்டு. சொல்லிக்கொள்ளப் பெருமையான காரணம் இல்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால், கொங்குப் பகுதியில் ஒரு கிராமத்தில் எனக்குப் புது வேலை. ஒரு நாள் காலை, தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவர் ஒரு கூடை நிறையக் காளான் கொண்டுவந்து காட்டினார். வெள்ளை வெளேர் என்று, மேலே லேசாகப் பழுப்புச் செதில். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்றிரண்டில் புழு அரித்திருந்தது. நானும் பெரிய மனுஷன் மாதிரி, "புழு திங்குது பாருங்க, விஷமா இருந்தாத் திங்குமா? எதுக்கும் மஞ்சள் போட்டு வேகவச்சுப் பாருங்க, நிறம் மாறலைன்னாச் சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நிறம் மாறவில்லை. மத்தியானம் சாப்பிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் வீட்டில் ஐந்து பேருக்கும் வாந்தி, வயிற்றோட்டம். ஆறு வயசுப் பையனுக்கு மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். எல்லாரும் பிழைத்தார்கள். அந்த மூன்று நாளும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பையனுடைய ஆத்தா அன்று மகள் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் என்னைத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் களைக்கொத்தை எடுத்து ஒரு காளானின் அடியில் நோண்டினார். தண்டு அரை விரல் ஆழத்திலேயே முடிந்துவிட்டது. பிறகு வேலி ஓரம் இருந்த கறையான் புற்றுக்குப் போனோம். அங்கே நின்றிருந்த ஒரு காளானைச் சுற்றிக் கடப்பாரையால் மண்ணைப் பெயர்த்துக்கொண்டே போனார். தண்டு மெலிந்து மெலிந்து, வேர் மாதிரி நீண்டு, ஒரு முழத்துக்கும் மேலே உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"வேரு எங்க போவுதுன்னு பாக்காம எப்படிங் தம்பி சரீன்னு சொல்லிப்போட்டீங்க?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனை பழைய சரித்திரம் இருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

நம் மொழியில் காளானுக்குப் பழைய பெயர் ஆம்பி. கறையானுக்குச் சிதல். இந்த இரண்டும் ஒரே இடத்தில் வருகிற காட்சி சிறுபாணாற்றுப்படையிலேயே இருக்கிறது. பாணனுடைய வறுமையைச் சொல்லும் இடம் அது. சமைத்து நாளான அடுக்களை, பழைய சுவர், அதைக் கறையான் அரித்துக் கொட்டிய புழுதி, அந்தப் புழுதியில் பூத்த காளான். புறநானூற்றிலும் சமைப்பதையே மறந்த அடுப்பில் ஆம்பி பூத்திருக்கிறது என்று ஒரு புலவர் வருந்துகிறார். புலவர்கள் சொல்ல வந்தது பசியைப் பற்றி. ஆனாலும் கறையான் இருக்கும் இடத்தில் காளான் வரும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் அப்படி எழுதியிருக்க முடியும்.

நல்ல காளான் எது, நச்சுக் காளான் எது என்று பிரிக்க உலகம் முழுவதும் மனிதன் குறுக்கு வழி தேடியிருக்கிறான். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வைத்தியர் டயாஸ்கொரிடிஸ் ஒரு கணக்குச் சொன்னார். துருப்பிடித்த ஆணிக்குப் பக்கத்தில், மக்கிய துணிக்குப் பக்கத்தில், பாம்பு வளைக்குப் பக்கத்தில் முளைப்பதெல்லாம் விஷம் என்றார். பாம்பு வளை! அந்த விதியை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். நாம் ஆசை ஆசையாய்ப் பறிக்கிற புற்றுக் காளான் அத்தனையும் தள்ளுபடிதான். பாம்பு குடியிருக்கும் புற்றில் அல்லவா அது முளைக்கிறது!

பிறகு வெள்ளிக் கரண்டி விதி வந்தது. காளான் வேகும்போது வெள்ளியைப் போட்டால் கறுத்தால் விஷம், கறுக்காவிட்டால் நல்லது. நம் பக்கம் வெள்ளிக் காசு, மஞ்சள், அரிசி, பூண்டு என்று அவரவர் வீட்டுச் சாமானை வைத்து இதே சோதனை. வெள்ளி கறுப்பது கந்தகத்தால். முட்டை பட்டால்கூட வெள்ளி கறுக்கும். முட்டை என்ன விஷமா? உயிரைக் குடிக்கிற அமானிட்டா வகைக் காளானில் இருக்கும் நஞ்சு வெள்ளியை ஒன்றும் செய்யாது, மஞ்சளையும் ஒன்றும் செய்யாது. வேகவைத்தாலும் காயவைத்தாலும் அது அழியாது. நத்தையும் புழுவும் அதைத் தின்றுவிட்டுச் சுகமாக இருக்கும். நான் அந்தத் தோப்புக்காரரிடம் சொன்ன இரண்டு யோசனையும் இந்த ரகம்தான்.

படித்தவன் வாய்ச்சொல்லால் கெட்டது நான் மட்டும் இல்லை என்று ஒரு கதை படித்தேன். ஆறுதலாக இல்லை, பயமாகத்தான் இருந்தது. 1767-ஆம் ஆண்டு, பிரான்ஸ் நாட்டுப் பாரிஸ் பட்டணம். ஷோபர்ட் என்ற பெயர்பெற்ற இசைக்கலைஞர் குடும்பத்தோடு ஊர்ப்புறம் உலாவப் போனார். போன இடத்தில் காளான் பறித்தார். ஒரு விடுதியில் சமைத்துத் தரச் சொன்னார். சமையற்காரர் விஷம் என்று மறுத்தார். இன்னொரு இடத்திலும் அதே பதில். கூட வந்த மருத்துவர் ஒருவர் நல்ல காளான்தான் என்று அடித்துச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சூப் வைத்துச் சாப்பிட்டார்கள். ஷோபர்ட், மனைவி, பிள்ளை, அந்த மருத்துவர் எல்லாரும் இறந்துபோனார்கள். அடுப்படியில் நின்றவனுக்குத் தெரிந்தது வைத்தியருக்குத் தெரியவில்லை.

இதே காலத்தில்தான், நம்ம தஞ்சாவூர்ச் சீமையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் வசம். அங்கே 1768-இல் மிஷன் மருத்துவராக வந்து சேர்ந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர். செடி கொடி தேடி அலைகிற மனுஷன், கறையான் புற்றையும் விடவில்லை. வெட்டித் திறந்து பார்த்தார். உள்ளே அறை அறையாக, கடற்பஞ்சு மாதிரி ஒரு பொருள். அதன் மேல் கசகசா அளவுக்கு வெள்ளை வெள்ளையாய் உருண்டைகள். அது காளான் இனம் என்று கண்டு, 1779-இல் பெர்லின் நகரத்து இயற்கை ஆராய்ச்சிச் சங்கத்தின் வெளியீட்டில் ஜெர்மன் மொழியில் எழுதினார். கறையான் கூட்டுக்குள் காளான் இருக்கிறது என்று உலகத்துக்கு எழுத்தில் போன முதல் செய்தி அதுதான். நம் ஜனங்கள் புற்றில் ஓட்டை போட்டுப் பானை வைத்து ஈசல் பிடிப்பதையும், அதை மாவோடு சேர்த்துத் தின்பதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது 1921-இல். தமிழில் வந்ததாக நான் பார்த்ததில்லை. நம் மண்ணைப் பற்றி எழுதினதை நாமே படிக்க இத்தனை சுற்று.

அடுத்து இலங்கை. அங்கேயிருந்து போன ஒரு காளான் மாதிரியை இங்கிலாந்தில் இருந்த பெர்க்லி என்ற பாதிரியார் 1847-இல் ஆராய்ந்து பெயர் வைத்தார். அவர் தொப்பியின் நிறத்தை வைத்துப் பெயர் வைக்கவில்லை, மணத்தை வைத்தும் வைக்கவில்லை. யூரைசஸ் என்று வைத்தார். கிரேக்க மொழியில் அதற்கு 'நல்ல வேருடையது' என்று பொருள். நான் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அந்த ஆத்தாவை நினைத்துக்கொண்டேன்.

பிறகு 1905-இல் இலங்கை அரசின் பூசணவியலராக வந்த பெட்ச், பேராதனைத் தோட்டத்தில் புற்றுகளை வரிசையாகத் தோண்டிப் பார்த்து 1906-இல் விரிவாக எழுதினார். வெளியே விரியும் குடையும் உள்ளே இருக்கும் பஞ்சும் எப்படிச் சம்பந்தப்பட்டவை என்பதில் விஞ்ஞானிகளுக்குள் வாதம் நீண்டது. 1942-இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் புற்றுக் காளான்களை எல்லாம் சேர்த்து டெர்மிட்டோமைசிஸ், அதாவது 'கறையான் காளான்' என்று தனி இனமே ஆக்கினார். 1979-இல் சென்னைப் பல்கலைக்கழகத்து அறிஞர் கே. நடராஜன் நம் பகுதிக் காளான் ஒன்றைத் தனிச் சிற்றினம் என்று கண்டு, அந்த ஹைம் பெயரையே வைத்தார். கணக்குப் போடுங்கள், 1779-லிருந்து 1979. தரங்கம்பாடியில் தொடங்கிச் சென்னை வந்து சேர விஞ்ஞானத்துக்குச் சரியாக இருநூறு வருஷம்.

புற்றுக்குள்ளே நடப்பது என்ன? கறையானுக்கு மரமும் சருகும் நேராகச் செரிக்காது. அதை மென்று, அரைகுறையாய்ச் செரித்த எச்சத்தைக் கொண்டு பஞ்சுபோலக் கூடு கட்டுகிறது. அதில் காளான் பூசணம் வளர்ந்து மரச்சத்தை உடைத்துக் கொடுக்கிறது. அந்த வெள்ளை உருண்டைகளைக் கறையான் தின்கிறது. அது விதைக்கிற பயிர், அதுவே அறுவடையும் செய்கிறது. நாம் நெல் போட்டு எத்தனை ஆயிரம் வருஷம் ஆகிறது என்று பெருமை பேசுகிறோம். கறையானும் காளானும் இந்தக் கூட்டு விவசாயத்தைத் தொடங்கி ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள் என்று மரபணு ஆராய்ச்சி சொல்கிறது. மழை பெய்து மண் இளகினதும் அந்தப் பஞ்சிலிருந்து ஒரு தண்டு மேலே கிளம்புகிறது. மண்ணைத் துளைக்க அதன் தொப்பி உச்சியில் கெட்டியான ஒரு முனை இருக்கும். விரலால் தடவினால் தெரியும். நாம் வேர் என்று சொல்வது நிஜ வேர் இல்லை, பஞ்சிலிருந்து மேலே வந்த தண்டின் வால். கறையான் இல்லாமல் இது வளராது. அதனால்தான் வைக்கோல் காளான், சிப்பிக் காளான் மாதிரி இதைக் கொட்டகை போட்டு வளர்த்து விற்க இன்றுவரை வழி பிறக்கவில்லை.

ஆத்தா சொன்னதெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. இடி இடித்தால்தான் காளான் முளைக்கும் என்றும் அவர் சொன்னார். ஐரோப்பாவிலும் வெகு காலம் அப்படித்தான் நம்பினார்கள். 1729-இல் இத்தாலியில் மிக்கேலி என்பவர், பூசணத்திலிருந்து உதிரும் தூசியை எடுத்து முலாம்பழத் துண்டில் போட்டு அதே பூசணத்தை முளைக்க வைத்துக் காட்டினார். அந்தத் தூசிதான் வித்து. இடிக்கு அதில் பங்கில்லை.

அந்த வித்துத் தூசி நமக்கும் உதவும். விரிந்த காளானின் தண்டை வெட்டிவிட்டு, தொப்பியை வெள்ளைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் காகிதத்தில் தூள் படிந்திருக்கும். புற்றுக் காளானுக்கு வெளிறிய இளஞ்சிவப்பு. என் தோப்புக்காரர் கொண்டுவந்தாரே, அந்தக் காளானுக்குப் பச்சை. குளோரோஃபில்லம் என்று அதற்குப் பெயர். இளசில் அதன் செதில் தட்டும் வெள்ளையாகத்தான் இருக்கும், முற்றினால்தான் பச்சையடிக்கும். அதனால் கண்ணுக்குத் தப்பிவிடும். அமானிட்டாவுக்கு வெள்ளை. அதற்காக இளஞ்சிவப்பு விழுந்தால் எடுத்துச் சாப்பிடலாம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். இளஞ்சிவப்புத் தூள் விடும் நச்சுக் காளானும் உண்டு. தூள் ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

வேர் விஷயமும் அப்படியே. புதைந்த மரக்கட்டையிலிருந்து நீண்ட வாலோடு வரும் வேறு காளான்களும் இருக்கின்றன. வால் இருந்தால் போதாது. அது போய்ச் சேருகிற இடத்தில் கறையான் பஞ்சு இருக்க வேண்டும். ஆத்தா வேர் இருக்கிறதா என்று கேட்கவில்லை, எங்கே போகிறது என்று கேட்டார். கவனியுங்கள்.

இன்னொன்று. அமானிட்டாவின் அடியில் முட்டை ஓடு உடைந்தது மாதிரி ஒரு கிண்ணம் இருக்கும். கத்தியால் அறுத்து எடுக்கிறவர்கள் அந்தக் கிண்ணத்தை மண்ணிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். ஆபத்தின் அடையாளம் பூமிக்குள் தங்கிவிடுகிறது, மேலே இருப்பது மட்டும் படத்தில் வருகிறது. நான் செல்போன் படத்துக்குப் பதில் சொல்லாததன் காரணம் இப்போது புரியும்.

சரி, கிண்ணம் இருந்தாலே விஷமா என்றால், அதுவும் இல்லை! 1943-லேயே கோயம்புத்தூரில் ஆராய்ந்து வளர்த்த வைக்கோல் காளானுக்கும் அடியில் கிண்ணம் உண்டு. கிழக்காசிய நாடுகளில் அதை விரும்பிச் சாப்பிட்டுப் பழகியவர்கள், குடியேறின ஊரில் அதே மாதிரி தெரிந்த அமானிட்டாவைப் பறித்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரில் 2011-ஆம் ஆண்டின் கடைசி இரவு விருந்தில் அப்படிச் சாப்பிட்டு, சமைத்தவர் உட்பட இரண்டு பேர் இறந்தார்கள். சமையலே தொழிலாக இருந்தவர் அவர். தன் ஊரில் அவருக்குத் தெரிந்தது சரியாகத்தான் இருந்தது. மண் மாறியது, காளானும் மாறிவிட்டது. நம் நாட்டிலும் அசாம் மாநிலத்தில், தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் அதிகம் இருக்கும் மாவட்டங்களில், 2022 ஏப்ரலில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள்.

இந்த நஞ்சின் போக்கைத் தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வாந்தி வந்தால் துன்பம்தான், குழந்தைகளுக்கு நீர் வற்றி ஆபத்தும் ஆகலாம். ஆனால் ஆறு மணி நேரம் கழித்து, ராத்திரி சாப்பிட்டு விடிகாலையில் தொடங்குகிற வாந்தியும் பேதியும்தான் கொடியது. அமானிட்டா அப்படித்தான் வரும். ஒரு நாள் போட்டு அலைக்கழித்துவிட்டு, அடுத்த நாள் சற்றுத் தெளிந்த மாதிரி இருக்கும். "சரியாப் போச்சு" என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகும்போது காலம் கடந்திருக்கும். தெளிந்தாலும் பெரிய ஆஸ்பத்திரியை விட்டு வரக்கூடாது. மிச்சம் இருக்கிற காளானையும் காகிதத்தில் சுற்றி டாக்டரிடம் கொடுங்கள், சமைத்தது என்றாலும் பரவாயில்லை. வீட்டில் ஒருவருக்குத்தான் வந்திருக்கிறது என்றாலும் சாப்பிட்ட எல்லாரும் போக வேண்டும்.

புற்றுக் காளான் பறிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றைத் தோண்டிப் பார்த்தால் போதும், புற்று முழுவதையும் பிளக்காதீர்கள். பஞ்சு பாழானால் அடுத்த மழைக்கு ஒன்றும் வராது. கையை உள்ளே விடவே வேண்டாம், டயாஸ்கொரிடிஸ் சொன்ன ஆசாமி குடியிருப்பார். கறையான் மருந்து ஊற்றின புற்றுப் பக்கம் போகாதீர்கள். ஒரு கூட்டத்தில் இருக்கிறதெல்லாம் ஒரே ஜாதி என்றும் நினைக்காதீர்கள். பக்கத்திலேயே வேறொன்று முளைத்திருக்கும். ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பாருங்கள். பழகின பெரியவர் கூட இல்லாமல், சந்தேகத்தோடு ஒன்றும் அடுப்புக்குப் போகக் கூடாது. ஆசையாக இருந்தால் சந்தையில் சிப்பிக் காளான் கிடைக்கிறது.

பழகின பெரியவர் என்று சொல்லிவிட்டேன். அவர்கள்தான் குறைந்துகொண்டு வருகிறார்கள். புற்றும் அப்படியே. வேலி ஓரத்துப் புற்றையெல்லாம் ஜே.சி.பி. வைத்து ஒரு மணி நேரத்தில் சமன் பண்ணிவிடுகிறோம். நானே எத்தனையோ கூட்டத்தில் கறையானை ஒழிக்க மருந்து சொன்னவன்தான். தென்னங்கன்றைக் காப்பாற்ற அது வேண்டியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. கன்றுக்கு நூறு அடி தள்ளி, காய்ந்த சருகைத் தின்றுகொண்டு கிடக்கிற புற்றுக்கும் அதே மருந்து வேண்டுமா என்று இப்போது யோசிக்கிறேன்.

ஆத்தா காலமாகி எட்டு வருஷம் ஆகிறது. குளுக்கோஸ் ஏறின பையன் இப்போது தோப்பைப் பார்த்துக்கொள்கிறான். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி போன் பண்ணினான். "சார், வேலி ஓரம் பழைய புத்து இருந்த இடத்துல மறுபடி வந்திருக்குங்க. மேடு போயிருச்சு, கூடு அடியில இருக்கும்போல." நான் வாயைத் திறப்பதற்குள், "ஒண்ணத் தோண்டிப் பாத்துட்டேங்க. ஒண்ணேகால் முழம். அடியில பஞ்சு இருக்குது. தொப்பியக் காயிதத்துல கவுத்து வச்சிருக்கேன், காலையிலதான் தெரியும்" என்றான்.

காலையில் கூப்பிடச் சொன்னேன்.